மூன்றாம் தண்ணீர்

பக்கத்து வீட்டில் நல்லெண்ணெய் காய்கிறது. மிளகும் சீரகமும் அதில் பொரிகிற வாசனை காலையிலிருந்து என் அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. எட்டிப் பார்த்தேன். காமாலையில் விழுந்து எழுந்த மருமகளுக்கு இன்றைக்குத் தலைக்கு ஊற்றுகிறார்களாம். "அவ்ளோதான் ஆயா, தலைக்கு ஊத்திட்டா நோய் போய்டுச்சி. இனிமே மருந்தும் வேணாம், பத்தியமும் வேணாம்" என்றாள் அந்த வீட்டுக்காரி. "டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய், "கெழவி ஆரம்பிச்சிட்டா" என்று யாரிடமோ சொன்னாள். என் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

கிழவி ஆரம்பித்தது இன்றைக்கு இல்லை. அது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் முழுவதும் தெரியும். அதனால்தான் நீ போன பிறகும் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தபோது நீ பாவாடை தாவணியில் இருந்தாய். தோல் பதனிடுகிற ஷாப்பில் பட்டைக் குழி வேலை முடிந்து உன் அண்ணன் வீட்டுக்கு வரும்போது ஆவாரம் பட்டை வாடை அவருக்கு முன்னால் வரும். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் நடையை நடந்து காட்டுவாய். தெருவில் ஒருவர் பாக்கியில்லை, எல்லோரையும் நடித்துக் காட்டுவாய். என்னையும் விடவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு போயிற்று. பிறகு மளிகைக் கடைப் பொட்டலத் தாளையும் சினிமா நோட்டீஸையும் எழுத்துக் கூட்டிப் படித்து நானே கற்றுக்கொண்டது. "எங்க அண்ணி பொட்டலத்தப் பிரிச்சா பருப்பு அப்புறம்தான், பேப்பர்தான் மொதல்ல. கொழம்பு எப்போ கொதிக்கும்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கான்னு பாக்கணும்" என்பாய். தெருவே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். ஆனால் நாத்தனார் என்றால் முள்ளாக இருப்பாள் என்று பயந்து வந்தவளுக்கு நீ அப்படி இல்லை என்பது நிம்மதியாக இருந்தது.

குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் உன்னைக் கொடுத்தோம். நல்ல பையன். அதிகம் பேசாதவர். நீ இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வாய் என்று உன் அம்மா, என் மாமியார், சொல்லிச் சிரித்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவரே உன்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்து விட்டார். அதற்குள் உன் பெண் நடக்கத் தொடங்கியிருந்தாள். "ரெஸ்ட் எடுக்கட்டும் அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். உன் தலையில் எண்ணெய் பட்டு வெகு நாளாகியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். குழந்தை உன் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல அண்ணி. அதான் பேஜாரா இருக்குது. உள்ள ஒண்ணுமே ஆகல."

அந்தப் பதில் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அடித்தார்களா, திட்டினார்களா, வேறு பெண் சங்கதியா என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். எதுவும் இல்லை. காரணம் இல்லாத துக்கம் என்று ஒன்று உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

அத்தை சும்மா இருக்கவில்லை. தர்காவில் மந்திரித்த கயிறு உன் கையில் ஏறியது. அம்மன் கோயில் எலுமிச்சம்பழம் தலையணைக்கு அடியில் போயிற்று. நான் குறை சொல்லவில்லை, அந்தக் கயிற்றைக் கட்டியது நானேதான். ஆனால் நீ சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டாய். தறித்தெருவில் இருந்து வந்த உன் கைகள், ஒரு நிமிடம் சும்மா இராத கைகள், மடியில் கிடந்தன.

ஒரு நாள் மதியம் நான் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்றாய். நீயாக எழுந்து வந்தாயே என்று எனக்குச் சந்தோஷம். அப்போது கேட்டாய்: "இதுல விழுந்தா சத்தம் வெளிய கேக்குமா அண்ணி?"

கயிற்றை விட்டுவிட்டேன். குடம் உள்ளே போயிற்று. உன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். அந்தக் கையை விடவில்லை.

அன்று சாயங்காலம் உன் அண்ணனிடம் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். மனநோய்க்கு மாத்திரை வந்திருக்கிறது, மாத்திரையிலேயே குணமாக்குகிறார்கள் என்று எப்போதோ ஒரு பொட்டலத் தாளில் படித்திருந்தேன். பாதிச் செய்திதான் இருந்தது, மீதி கிழிந்து போயிருந்தது. எனக்கு அந்தப் பாதி போதும்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கு மாப்ள வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு அனுப்பறது?" என்றார் அவர்.

"உசுரோட அனுப்பினா போதும். மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்."

"நீ இன்னா டாக்டரா?"

"இல்ல. அதான் டாக்டர் கிட்ட கூட்டிம்போறேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் நாம் இருவரும் போனோம். உன் பெண்ணை அத்தையிடம் விட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்தாய். வழியெல்லாம் ஒரு சொல் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அண்ணி, யாருக்கும் சொல்லாதீங்க" என்றாய்.

அங்கே நோயாளியோடு உறவுக்காரர் ஒருவர் தங்கியே ஆகவேண்டும். சின்ன அறை, வெளியே அடுப்பு. அது எனக்குப் பிடித்தது. உன்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று பயந்திருந்தேன். இங்கே நானே சமைத்து நானே ஊட்டலாம். டாக்டரம்மா உன்னிடம் வெகு நேரம் பேசினார். நீ பேசவில்லை என்றாலும் காத்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மாத்திரையைக் காட்டினார். அதன் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். இமிப்ரமின். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெயர் தெரியாத எதையும் உன் வாயில் போடுவதாக இல்லை நான்.

"இது மெதுவாத்தான் வேலை செய்யும்மா. ரெண்டு மூணு வாரம் கூட ஆகும். அதுவரைக்கும் வாய் வறண்டு போகும், கை நடுங்கும், மலச்சிக்கல் வரும். பயந்துட்டு நிறுத்திடாதீங்க" என்றார்.

"நல்லது பண்றதுக்கு முன்னாடி தொந்தரவு மட்டும் எதுக்கும்மா வருது?"

"தெரியலம்மா. நல்ல கேள்விதான். ஆனா அப்படித்தான் வருது."

தெரியவில்லை என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதனால் அவர் சொன்ன மற்றவற்றை நம்பினேன்.

பக்கத்து அறையில் மேல்விஷாரத்திலிருந்து ஒரு அம்மா, மகனோடு வந்திருந்தார்கள் அல்லவா? உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ அப்போது அரை நினைவில்தான் இருந்தாய். அந்தப் பையன் உனக்கு நேர் எதிர். தூக்கம் கிடையாது, பேச்சு நிற்காது. வந்த அன்று என்னைப் பார்த்து, ஆம்பூரில் உள்ள தோல் ஷாப் எல்லாவற்றையும் தானே வாங்கிவிட்டதாகவும் உன் அண்ணனுக்கு மேஸ்திரி வேலை உறுதி என்றும் சொன்னான். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டான். அவனுக்கு வேறு மாத்திரை. சில நாளில் பேச்சு அடங்கித் தூங்கினான். "தூக்கம் ஜாஸ்திம்மா, பேச்சு கம்மி. ஆனா என் புள்ள எனக்குத் திரும்பி வர்றான்" என்று அந்த அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே அழுதார்கள்.

நமக்கு அப்போது ஒன்றும் நடக்கவில்லை. வாய் வறட்சி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. கை நடுக்கமும் வந்தது. அந்த அம்மாவுக்கு நம் மீது இரக்கம். ஒரு நாள் முந்தானையில் முடிந்து இரண்டு மாத்திரை கொண்டுவந்து நீட்டினார்கள். "உங்களுது கேக்கலன்னா எங்களுது எடுத்துக்கோம்மா. நல்லா வேலை செய்யுது." கறிக்குழம்பு கொடுப்பது மாதிரிதான் கொடுத்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இவ நோய் வேற, அவன் நோய் வேறம்மா. இவ ஏற்கெனவே அடங்கித்தான் கெடக்கறா. இன்னும் அடக்கினா நான் இன்னா பண்றது?" அந்த அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு ஒரு மதியம். நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாய்.

"கொழம்புல உப்பு இல்ல அண்ணி."

"போட்டுத்தான் வச்சேன்."

"போட்ட மாதிரி தெரியல. நீங்க பேப்பர் படிச்சிக்கினே வச்சிருப்பீங்க."

மண்ணைப் பிசைந்து கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருந்தவள் நீ. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அறை வாசலுக்கு ஓடி, "உப்பு இல்லங்கறாம்மா! உப்பு இல்லங்கறா!" என்று கத்தினேன். மேல்விஷாரத்து அம்மா கரண்டியோடு ஓடி வந்து, "யா அல்லாஹ், அதுக்கு எதுக்கு இந்தக் கூச்சல், இந்தா உப்பு" என்றார்கள். பிறகுதான் புரிந்துகொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நீ எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேருக்கும் மாத்திரை வேணும்போல கீது" என்றாய்.

வீட்டுக்கு வரும்போது டாக்டரம்மா மாத்திரை கொடுத்தனுப்பினார். "நல்லா ஆனப்புறமும் பல மாசம் சாப்பிடணும். குறைக்கிறதும் நிறுத்துறதும் நாங்கதான் சொல்லுவோம்." இதைச் சொல்லும்போது உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தலைக்கு ஊற்ற அத்தை நாள் பார்த்துவிட்டார்கள். நம் பக்கத்தில் நோய் தீர்ந்ததா இல்லையா என்று வைத்தியர் தீர்மானிப்பதில்லை. வீட்டுப் பெரியவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. அதற்குப் பிறகு மருந்தைத் தொடக்கூடாது, தொட்டால் போனது திரும்பும். உன் வீட்டுக்காரர் புதுப் புடவையும் பாதுஷாவும் வாங்கிக்கொண்டு வந்தார். உனக்கு எண்ணெய் வைத்து, வேப்பிலை போட்ட வெந்நீரை அத்தை ஊற்றினார்கள். நீ அழகாக இருந்தாய். உண்மையைச் சொன்னால் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் திரும்பிப் பார்த்தால் மாடத்தில் இருந்த மாத்திரை டப்பாவைக் காணோம். அத்தை அதைத் தோல் ஷாப் கழிவுநீர் ஓடுகிற கால்வாயில் கொட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே, டாக்டரம்மா நிறுத்தச் சொல்லலியே!"

"மருந்த வீட்ல வச்சிருந்தா நோயக் கூப்புட்ற மாதிரி ஆய்டும்டி. எம்பொண்ணு எழுந்து வந்துட்டா. உனக்கு அது பொறுக்கலியா?"

அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அத்தை போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மன்னிக்கவில்லை. உன் அண்ணன் உன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். நீயும், "விடுங்க அண்ணி, நான் நல்லாத்தான் கீறேன்" என்றாய். நீ நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் வண்டி வந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

மழைக்காலம் முடிவதற்குள் உன் வீட்டுக்காரர் தனியாக வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, மறுபடியும் அப்படியே ஆய்ட்டா. தறிமேடைப் பக்கமே வர்றதில்ல. நேத்து கொழந்தைய என் கைல குடுத்து, நல்லாப் பாத்துக்கோங்கன்னு சொல்றா." அது என்ன பேச்சு என்று கிணற்றடியில் நின்றவளுக்குத் தெரியும்.

மருந்து திரும்பக் கொடுக்க வேண்டும் என்றேன். அத்தை இல்லை என்றார்கள். உன் அண்ணன், "அந்த மாத்திரைதான் அவளக் கெடுத்துது" என்றார்.

"மாத்திரை சாப்ட்டப்போ உப்பு இல்லன்னு சண்டை போட்டா. நிறுத்தினப்புறம் சோறே வேணாங்கறா. எது கெடுத்துது? சொல்லுங்க" என்றேன்.

அத்தையின் பயம் வேறு. தலைக்கு ஊற்றியவளுக்கு மறுபடி மருந்து கொடுத்தால் அம்மனை அவமதித்த மாதிரி, மகளுக்கு அதைவிடப் பெரிய கேடு வரும் என்பது அவர்களுடைய பயம். அது பொய்ப் பயம் இல்லை. அந்தப் பயத்தை மாத்திரைப் பேச்சால் அசைக்க முடியாது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"அத்தே, அம்மை போட்டா எத்தினி தண்ணி ஊத்துவோம்?" என்று கேட்டேன்.

"மூணு. அதுக்கு இன்னா இப்போ?"

"மொதத் தண்ணி ஊத்தினவொடனே கறி தின்ன விடுவீங்களா? வேப்பிலைய எடுத்துடுவீங்களா?"

"அது எப்பிடி விடுவாங்க? மூணாந்தண்ணி ஆவணும்."

"ஒடம்புல வர்ற அம்மைக்கே மூணு தண்ணின்னா, மனசுல வந்ததுக்கு ஒரே தண்ணியோட முடிஞ்சிடுமா? நீங்க ஊத்தினது மொதத் தண்ணி அத்தே. தப்பில்ல. இன்னும் ரெண்டு பாக்கி. அதுவரைக்கும் மருந்தும் உண்டு, பத்தியமும் உண்டு."

அத்தை என் முகத்தை, மருமகள் ஏமாற்றுகிறாளா என்று பார்த்தார்கள்.

"ரெண்டாந்தண்ணி எப்போ?"

"டாக்டரம்மா சொல்றப்போ."

"அவளுக்கு இன்னாடி தெரியும் தண்ணி ஊத்தறதப் பத்தி?"

"நோயப் பத்தித் தெரியும். தண்ணிய நீங்களே ஊத்துங்க."

அத்தை எழுந்து உள்ளே போனார்கள். உன் அண்ணனிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சி, போய்ப் புள்ளையக் கூட்டிக்கினு வாடா" என்ற சத்தம் வந்தது.

இதை நான் நம்பித்தான் சொன்னேனா என்று நீ பிறகு ஒரு முறை கேட்டாய். சொல்லத் தொடங்கும்போது வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது நம்பிவிட்டேன். இப்போதும் நம்புகிறேன்.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே அடுப்பு, அதே வாய் வறட்சி, அதே காத்திருப்பு. நீ திரும்பி வந்தாய். மாத்திரை முதல் முறையாகக் குறைக்கப்பட்டபோது அத்தை இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். சில வருடம் கழித்து டாக்டரம்மாவே முழுவதும் நிறுத்திப் பார்த்தார். நோய் திரும்பியது, மாத்திரையும் திரும்பியது. மூன்றாம் தண்ணீர் உனக்கு ஊற்றவே இல்லை. அதனால் நீ ஒன்றும் குறைந்துபோகவில்லை. நூல் தார் சுற்றினாய், தறி நெய்தாய், பெண்ணைக் கட்டிக்கொடுத்தாய், தெருவில் எல்லோரையும் நடித்துக் காட்டினாய். கை நடுக்கத்தில் நூல் அறுந்தால் என்ன செய்வாய் என்று உன் வீட்டில் ஒரு நாள் கேட்டேன். "நூலு அறுந்தா நான் முடி போட்டுக்கறேன். நான் அறுந்தா யாரு போடுவா?" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாய். அந்தப் பேச்சை நான் எங்கும் படித்ததில்லை.

உன் வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு நல்லதும் சொல்ல வேண்டியிருக்கிறது, குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்திரை தீர்வதற்கு முன்பே அவரே வேலூர் போய் வாங்கி வந்தார். ஒரு முறைகூடத் தவறவில்லை. ஆனால் தெருவில் கேட்டால் நூல் பார்க்கப் போகிறேன் என்பார். கடைசி வரைக்கும் நூல்தான். என்ன நூலோ. உன்னைக் காப்பாற்றிய மருந்தைக் கள்ளச் சரக்கு மாதிரி பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். அதில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு.

நீ சாதாரணக் காய்ச்சலில், பேத்திக்குக் கல்யாணம் செய்து பார்த்துவிட்டு, வயதாகிப் போனாய். கருமாதியன்று பந்தலில் உன் பெருமையைப் பேசினார்கள். "அந்தம்மாவுக்கு ஒரு நோய் நொடி கெடையாது. கடைசி வரைக்கும் சிரிச்ச மொகம். எல்லாம் அம்மன் குடுத்த கொடுப்பினை" என்றார் உங்கள் பங்காளி ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் அக்கா என்று கண்ணாலேயே கேட்டார்.

"அவ பாதி வாழ்நாள் மாத்திரை சாப்ட்டா" என்றேன். பந்தல் முழுவதும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "மனசு நோய்க்கு மாத்திரை. அது இல்லன்னா இந்தக் கருமாதி எப்பவோ நடந்திருக்கும். சிரிச்ச மொகம் சும்மா வரல. அவ விடாம சாப்ட்டு, விடாம எழுந்து நின்னு வாங்கினது."

உன் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். உன் பெண், நான் தூக்கி வளர்த்தவள், "அம்மா செத்தப்புறமும் அவங்களப் பைத்தியமாக்கிட்டீங்களே மாமி" என்று அழுதாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையும் வருவதில்லை.

யாருக்கும் சொல்லாதீங்க என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நீ கேட்டதை நான் மறக்கவில்லை. நீ இருந்தவரை சொல்லவில்லை. நீ போன பிறகு சொன்னேன். தவறு என்று நான் நினைக்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு பொய்யைப் பேசி உன்னை அனுப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. சுகவாசியாகப் பிறந்து சிரித்துக்கொண்டே இருந்தவள் என்று அவர்கள் சொன்னது நீ இல்லை. நீ பட்டதில் பாதியைக்கூட அவர்கள் பட்டிருக்க மாட்டார்கள்.

அன்று நான் தனியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். யாரென்று எனக்குத் தெரியாது. சுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க வீட்டுக்காரரு மூணு மாசமா எழுந்திருக்கறதில்ல. அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ல போவணும்?" என்றாள்.

எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், கூட ஒருவர் தங்க என்னென்ன எடுத்துப்போக வேண்டும், முதல் வாரங்களில் ஒன்றும் தெரியாவிட்டால் பயப்படக்கூடாது, எல்லாம் சொன்னேன். "வெளிய யாருக்காச்சும் தெரிஞ்சா?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். "இன்னிக்கு யாருக்குக் கருமாதி சாப்பாடு போட்டியோ, அவ சாப்ட்டா அந்த மாத்திரைய. உங்க தெருவுல அவ சிரிக்காத வீடு உண்டா?" அவள் யோசித்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியாது. உனக்குக் கோபம் என்றால் கோபித்துக்கொள். நான் நிறுத்தப் போவதில்லை.